பயணத்துக்கு ஏன் மூன்றுசுழி ண?

‘பயணம்’ என்று எழுத மூன்றுசுழி ண போடுகிறோம். பௌத்தப் பிரிவான ‘மகாயானம்’ என்பதற்கு இரண்டுசுழி ன போதும். இத்தனைக்கும் இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை. வடமொழியில் ‘யா’ என்றால் போவது. யானம், யாத்திரை எல்லாம் அதிலிருந்து வந்தவைதான். யானத்துக்கு முன்னால் ‘ப்ர’ சேர்ந்ததும் அது ப்ரயாணம் ஆகிறது. ன இருந்த இடத்தில் ண வந்து உட்கார்ந்துவிடுகிறது. மாற்றியது ‘ப்ர’வில் இருக்கும் ரகரம்.

எப்படி என்று வாயிலேயே சோதித்துப் பார்க்கலாம். வடமொழி இலக்கணம் ரகரத்தை நாக்கை வளைத்து ஒலிக்கும் எழுத்துகளோடு சேர்க்கிறது. நுனி மேலே எழுந்து சற்றுப் பின்னால் போகிறது. அடுத்து வரும் ‘யா’வுக்கு நுனி தேவையில்லை, நாக்கின் நடுப்பகுதியே பார்த்துக்கொள்ளும். அதனால் வளைந்த நுனி வளைந்தபடியே நிற்கிறது. அந்த நிலையில் ன வந்தால், நுனி முன்னால் இறங்காமல் நின்ற இடத்திலேயே அண்ணத்தைத் தொடும். அதுதான் ண.

இடையில் வேறோர் எழுத்துக்கு நுனி தேவைப்பட்டால் கதை வேறு. பிரமாணம், பிரதானம் இரண்டையும் சொல்லிப் பாருங்கள். ‘மா’வுக்கு உதடு போதும், நாக்கு சும்மா இருக்கிறது, ண வருகிறது. ‘தா’ சொல்ல நுனி பல்லுக்கு வந்தாக வேண்டும். வளைவு கலைந்துவிடுகிறது, ன தப்பித்துக்கொள்கிறது. பிரார்த்தனையும் அப்படியே. வடமொழி இலக்கண ஆசிரியர் பாணினி தன் அஷ்டாத்யாயி என்ற இலக்கண நூலின் கடைசிப் பாதத்தை இந்த விதியோடுதான் தொடங்குகிறார். நடுவில் உயிரெழுத்தோ, ய, வ போன்றவையோ, க வரிசையோ, ப வரிசையோ வந்தால் தடையில்லை என்று பட்டியலே தருகிறார். எந்தக் கருவியும் இல்லாத காலத்தில் நாக்கை இவ்வளவு கூர்மையாகக் கவனித்திருக்கிறார்கள்!

சரி, ப்ரயாணம் பயணம் ஆனது எப்படி? தமிழ்ச் சொல் இரண்டு மெய் சேர்ந்து தொடங்காது. ஒன்று, நடுவில் இகரத்தைச் செருகிப் பிரயாணம் ஆக்கலாம். இல்லையென்றால் ரகரத்தையே தூக்கிவிடலாம். வடமொழியின் உறவான பழைய பேச்சுமொழி பிராகிருதம் இந்த இரண்டாவது வழியில் ‘பயாண’ என்றது. தமிழில் நெடிலும் குறுகிப் பயணம் ஆனது, கன்னடத்திலும் ‘பயண’தான். ‘ச்ரமண’ என்பது சமணம் ஆனதும் இதே போக்கு. இரண்டு சொல்லிலும் ரகரம் போய்விட்டது, அது வளைத்துவிட்ட ண மட்டும் தங்கிவிட்டது.

பழந்தமிழில் பயணத்துக்குச் ‘செலவு’ என்ற சொல் இருந்தது. புறநானூற்றின் 30ஆம் பாடல் சூரியன் செல்லும் வழியைச் ‘செஞ்ஞாயிற்றுச் செலவு’ என்கிறது. பொருள் தேடக் கிளம்பிய தலைவன் பிரிய மனமில்லாமல் தயங்கி நின்றுவிட்டால் அது ‘செலவழுங்குதல்’. அப்புறம் இந்தச் சொல் கையைவிட்டுப் போகும் பணத்துக்கு வந்துவிட்டது. ‘பயணச் செலவு’ என்று ரசீதில் எழுதுகிறவர் ஒரே பொருளை இரண்டு முறை எழுதுகிறார் என்று பழம்புலவர் யாராவது சிரிக்கலாம்.

சூரியனின் செலவுக்கு வடமொழியில் ‘அயனம்’. இதுவும் போவதைக் குறிப்பதுதான், வேர் மட்டும் வேறு. வடக்கைக் குறிக்கும் ‘உத்தர’வில் ரகரம் இருப்பதால் உத்தராயணம். தெற்கைக் குறிக்கும் தட்சிணத்திலும் (வடமொழியில் ‘தக்ஷிண’) நாக்கை வளைக்கும் ஒலியான ‘ஷ’ உண்டு. ஆனால் அந்த வளைவை நடுவில் இருக்கும் ‘ணா’வே பயன்படுத்தி முடித்துவிடுகிறது. ஆகவே அங்கே இரண்டுசுழிதான்: தட்சிணாயனம். பலரும் மூன்றுசுழி போட்டுவிடுகிறார்கள்.