புரமோட்டர்: ஊக்கியா, துறையா?

போன வாரம் உயர்தர உயிரியல் வகுப்பில் புரமோட்டருக்கு 'ஊக்கி' என்று பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினால், முன்வாங்கில் இருந்த பிள்ளை கேட்கிறாள்: "சேர், ஊக்கி எண்டால் நொதியம் மாதிரி ஒண்டுதானே, அது எப்பிடி டிஎன்ஏக்குள்ள வந்தது?" பிழை அவளில் இல்லை. இரசாயனப் பாடத்தில் ஊக்கி என்பது தாக்கத்தை வேகப்படுத்தும் பொருள். புரமோட்டர் டிஎன்ஏயிலேயே உள்ள ஓர் இடம்.

இலத்தீனில் 'புரோ' என்றால் முன்னே, 'மொவேரே' என்றால் நகர்த்து. கந்தோரில் கிடைக்கும் புரமோஷனும், கடையில் பிஸ்கட்டைக் கையில் தந்து சுவைத்துப் பார்க்கச் சொல்கிற புரமோஷனும் இதே வேர்தான். 1964இல் ஜக்கோப், உல்மன், மொனோ மூவரும் பக்டீரியாவை வைத்து இந்தச் சொல்லை மரபியலுக்குள் கொண்டுவந்தார்கள்.

ஆர்என்ஏ பொலிமரேசு என்ற நொதியம் வந்து அணைந்து, அங்கிருந்து மரபணுவை ஆர்என்ஏயாகப் படியெடுக்கப் புறப்படும் இடம் என்பதால் என் கட்சி 'தொடக்கத்துறை'. இறங்குதுறையைத் தெரிந்த ஊருக்கு இதை விளக்கவே தேவையில்லை. அதோடு புரமோட்டரை ஊக்கி என்றால், தூரத்தில் இருந்துகொண்டே படியெடுப்பைக் கூட்டிவிடுகிற என்ஹான்சர் என்ற டிஎன்ஏ பகுதிக்கு என்ன பெயர் வைப்பது? (பரீட்சையில் மட்டும் புத்தகத்தில் உள்ள சொல்லையே எழுதுங்கள்.)

சரி, ஹவுஸ்கீப்பிங் மரபணு. உப்புவெளி ஹோட்டல்களில் விரிப்பு மாற்றுகிறவர்களைத்தான் பிள்ளைகளுக்கு நினைவு வரும், அதுவும் பொருத்தம்தான். குளுக்கோசை உடைப்பது, புரதம் கட்டுவது என்று எந்தக் கலத்துக்கும் அன்றாடம் வேண்டிய வேலைகளைப் பார்ப்பவை இவை. 'பேணல் மரபணு' என்பேன்.

இவற்றின் துறைதான் சுவாரசியம். இன்சுலின் போல ஓரிரு இடத்தில் மட்டும் வேலை செய்யும் மரபணுக்கள் பலவற்றில், தொடங்குமிடத்துக்கு ஏறத்தாழ 30 டிஎன்ஏ எழுத்துக்கு முன்னால் 'டாட்டா (TATA) பெட்டி' என்ற எழுத்துத் தொடர் உண்டு. தூணில் கயிறு கட்டிய லோஞ்சு மாதிரி, படியெடுப்பு அநேகமாக ஒரே புள்ளியில் தொடங்கும். பேணல் மரபணுக்கள் பெரும்பாலானவற்றில் அந்தப் பெட்டியே இல்லை. அங்கே இருப்பது சிபிஜி தீவு, அதாவது டிஎன்ஏ எழுத்துகளில் சைற்றோசினுக்கு (C) அடுத்துக் குவானின் (G) வரும் சோடிகள் நெருக்கமாகக் கிடக்கும் பகுதி. நிலாவெளி மணலில் தோணியை எங்கும் ஏற்றலாமே, அதுபோல இங்கே பல புள்ளிகளில் படியெடுப்பு தொடங்கும். டிஎன்ஏயின் மற்ற இடங்களில் இந்தச் சைற்றோசினில், படியெடுப்பைப் பொதுவாகத் தடுக்கும் மெதைல் என்ற சிறு இரசாயனக் கூட்டம் பெரும்பாலும் ஒட்டியிருக்கும், தீவுகளில் பெரும்பாலும் ஒட்டாது. கூடவே, எஸ்பி1 போன்ற புரதங்கள் அங்கே குவானினும் சைற்றோசினும் செறிந்த தொடர்களைப் பிடித்து, பொலிமரேசை வரவழைக்கும் மற்றப் புரதங்களையும் கூட்டிக்கொள்ள முடிகிறது. துறை ஏறக்குறைய எல்லாக் கலங்களிலும் திறந்தே கிடக்க இவை இரண்டும் முக்கிய காரணங்கள்.

பேணல் மரபணுவைச் சிலர் 'மாறா மரபணு' என்று எழுதுகிறார்கள். வேண்டாம். திறந்திருப்பது வேறு, அளவு மாறாதிருப்பது வேறு. ஆய்வுகூடத்தில் ஒப்பீட்டுக்கு வைக்கும் ஜிஏபிடிஎச் என்ற பேணல் மரபணுவின் படியெடுப்புக்கூட ஒட்சிசன் குறைந்த கலத்தில் கூடிவிடலாம்.