எண்ணெய் தடவிய கையில் பலாப்பால் ஒட்டாது

பலாப்பழம் அறுக்க உட்காருகிறவர்கள் முதலில் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்வார்கள். ஏன் என்று யாரும் பெரிதாக யோசிப்பதில்லை, பாட்டி தடவினார், அம்மா தடவினார், நாமும் தடவுகிறோம், பால் கையில் பிடிக்காமல் போகிறது. இதே சங்கதியை வைத்து ஒரே தகட்டிலிருந்து, ஒரே அழுத்தில், பல வண்ணங்களைத் தாளில் இறக்க முடியும் என்று காட்டிய அச்சுக்கலைப் பட்டறை ஒன்று பாரிஸில் இருந்தது. அதை நடத்தியவர் ஸ்டான்லி வில்லியம் ஹேட்டர் என்ற ஆங்கிலேயர்.

1901-ல் லண்டனின் ஹாக்னி பகுதியில் பிறந்தவர். ஓவியர் குடும்பம்தான், ஆனால் கிங்ஸ் கல்லூரியில் அவர் படித்தது வேதியியலும் நிலவியலும். 1922 முதல் 1925 வரை பாரசீகத்தின் அபாதானில் எண்ணெய்க் கம்பெனி வேலை. மலேரியாவோடு ஊர் திரும்பியவரின் படங்களை அந்தக் கம்பெனியே லண்டன் தலைமை அலுவலகத்தில் கண்காட்சியாக வைக்க, அவை நன்றாக விற்றன. 1926-ல் பாரிஸ் போனார், அடுத்த ஆண்டே பட்டறை தொடங்கிவிட்டார். 1933-ல் அது கம்பாய்ன் பிரமியேர் தெருவின் 17-ஆம் எண் கட்டடத்துக்கு மாறியதால் 'அத்லியே 17' என்ற பெயர், அத்லியே என்றால் பிரெஞ்சில் பட்டறை. பிக்காசோ, மீரோ, ஜியாகொமெட்டி மாதிரியான பெரிய கலைஞர்கள் எல்லாம் அங்கே வேலை செய்திருக்கிறார்கள். 1940-ல் பட்டறை நியூயார்க்குக்குப் போனது, அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் 1944-45-ல் அங்கேதான் தகடு செதுக்கினார். 1950-ல் ஹேட்டர் மறுபடி பாரிஸ். 1988-ல் அங்கேயே இறந்தார்.

சரி, தகட்டுக்கு வருவோம்.

செம்புத் தகட்டில் கோடு கீறும் உளிக்கு பியூரின் என்று பெயர். பேனா மாதிரி பிடித்து இழுப்பதில்லை. மரப்பிடி உள்ளங்கையில் அமர்ந்திருக்க, முனையை முன்னால் தள்ள வேண்டும், தள்ளத் தள்ள மெல்லிய செம்புச் சுருள் எழுந்து வரும். வளைவு வேண்டுமென்றால் கையைத் திருப்பக் கூடாது, தகட்டைத்தான் திருப்ப வேண்டும். ஹேட்டரின் கோடுகள் கயிறு சுழற்றிவிட்டது போல ஓடுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். அப்புறம் கீறலுக்குள் மை திணித்து, மேல்பரப்பை வலைத்துணியால் துடைத்து, ஈரத் தாள் வைத்து, உருளை அழுத்தியில் விட்டால், தாள் கீறலுக்குள் இறங்கி மையை எடுத்துக்கொண்டு வரும். மையே வைக்காமல் ஆழமாகத் தோண்டிய பள்ளங்கள் தாளில் வெள்ளைப் புடைப்புகளாக வரும், ஹேட்டர் இதையும் வேண்டுமென்றே பயன்படுத்தினார்.

சிக்கல் வண்ணத்தில்தான். வழக்கமான முறையில் வண்ணத்துக்கு ஒரு தகடு. மூன்று வண்ணம் என்றால் ஒரே தாள் மூன்று தடவை அழுத்தியில் போய்வர வேண்டும், ஆனால் ஈரத்தாள் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளும், காயும்போது சுருங்கும், வண்ணங்கள் நகர்ந்துவிடும். செய்தித்தாளில் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் கிடக்கும் படத்தைப் பார்த்திருப்பீர்கள், அந்தத் தொல்லைதான்.

இதற்கு 1950-களில் அத்லியே 17-ல் உருவான பதில்தான் விஸ்காசிட்டி அச்சு, அதாவது மையின் பாகுத்தன்மையை, அது எவ்வளவு கெட்டி எவ்வளவு நீர்த்தது என்பதை, வைத்து வண்ணங்களைப் பிரிக்கும் முறை. தகட்டை அமிலத்தால் அரித்தும் தோண்டியும் மேடு, நடு, பள்ளம் என்று பல மட்டங்களாக ஆக்குவார்கள். முதலில் கீறிய கோடுகளுக்குள் ஒரு மை, துடைத்தாகிவிட்டது. அடுத்து ஆளிவிதை எண்ணெய் கலந்து நீர்க்க வைத்த மை, கடினமான ரப்பர் உருளையில். கடினமான உருளை வளைந்து கொடுக்காது, மேட்டை மட்டும் தொட்டுவிட்டுப் போகும். அடுத்து மிருதுவான உருளை, அதில் எண்ணெய் கலக்காத கெட்டி மை. அழுத்தி உருட்டினால் உருளை பள்ளம் வரை இறங்கி அங்கே மையைப் பூசும். ஆனால் மேட்டின் மேலும் அதே உருளைதானே போகிறது? அங்கே மட்டும் மை ஏன் ஒட்டுவதில்லை?

எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டும் ஒன்றையொன்று விலக்குகின்றன என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன், அது தவறு. இரண்டுமே எண்ணெய் மைதான், கண்ணாடிப் பலகையில் போட்டுக் குழைத்தால் அழகாகக் கலந்துவிடும். நடப்பது வேறு. உருளை தகட்டை விட்டு எழும்போது நடுவில் இருக்கும் மை எங்காவது ஓரிடத்தில் பிய்ந்தாக வேண்டும், எது பலவீனமோ அங்கேதான் பிய்யும். கெட்டி மை விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டிருக்கும், நீர்த்த மை சுலபமாகப் பிளந்துவிடும், அதில் ஒரு பாதி உருளையோடு போகும், மறு பாதி மேட்டிலேயே தங்கும். ஆகவே கெட்டி மை உருளையை விட்டு இறங்குவதே இல்லை. பலாப்பாலுக்கும் உங்கள் கைக்கும் நடுவில் பிளப்பதும் அந்த எண்ணெய்ப் படலம்தான். வரிசையை மாற்றி, முதலில் கெட்டி, மேலே நீர்த்தது என்று உருட்டிப் பாருங்கள், இரண்டாவது மை முதல் மையின் மேலேயே உட்கார்ந்துவிடும், வேறொரு நிறம் கிடைக்கும்.

உருளை ஒரே சுற்றில் தகடு முழுவதையும் கடக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது எடுத்துக்கொண்ட மையை இரண்டாம் சுற்றில் வேறிடத்தில் கொட்டிவிடும். வெயில் ஏறினால் எண்ணெய் இளகும், காலையில் சரியாக இருந்த மை மத்தியானம் சொன்னபடி கேட்காது.

எண்ணெய்க் கம்பெனியில் இருந்த வேதியியல்காரர் நடத்திய இடத்தில் இது பிறந்தது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. தகட்டையும் மையையும் சோதனைக்கூடப் பொருள் மாதிரி கிண்டிக்கிளறும் பழக்கத்தை ஹேட்டர்தான் அங்கே கொண்டுவந்தார். ஆனாலும் இந்த முறையை அவர் ஒருவர் பெயரில் எழுதிவிடுவது நியாயமில்லை. பாகுத்தன்மையைப் பிடித்துக்கொண்டு அதை வளர்த்தெடுத்தவர்கள் அங்கே வேலை செய்த இரண்டு இந்தியர்கள், பம்பாயைச் சேர்ந்த கைக்கோ மோத்தியும் சித்தூர்ப் பக்கம் பிறந்த கிருஷ்ணா ரெட்டியும். ரெட்டி பாரிஸ் போவதற்கு முன் சாந்திநிகேதனில் படித்தவர், 1940-களின் கடைசியில் சென்னைக் கலாக்ஷேத்ராவில் ஓவியப் பிரிவின் தலைவராக இருந்தவர். சிற்பமும் கற்றவர் என்பதால் தகட்டை அவர் சிற்பமாகவே தோண்டினார்.

அவருடைய 1963-ஆம் ஆண்டு 'நீர்ச்சுழி' படத்தைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால் கிட்டே போய்ப் பாருங்கள், நிறங்கள் எங்கே மாறுகின்றன என்று கண்ணால் தொடருங்கள். நிறம் மாறும் இடங்களில் பல, தகட்டில் ஒரு மேடு முடிந்து பள்ளம் தொடங்கிய இடங்கள்.