சிவப்பு விளக்கு எரிந்த பிறகு மலை ஏறாதீர்கள்

இந்தக் கோடையில் என் பட்டறையில் எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றிய நான்காவது கார் இது. நான்குமே குடும்பத்தோடு ஏற்காடு ஏறிய வண்டிகள். நான்கிலும் எஞ்சின் சூடு எல்லை மீறியதைக் காட்டும் சிவப்பு விளக்கு டேஷ்போர்டில் எரிந்திருக்கிறது. ஓட்டியவர்கள் அதைப் பார்த்திருக்கிறார்கள், பார்த்துவிட்டும் ஓட்டியிருக்கிறார்கள். சேலத்தில் பட்டறை வைத்திருக்கிறவன் நான், இதை இனியும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடைசியாக வந்தவர் பல வருடப் பழக்கம், வயதில் பெரியவர். ஏற்காடு பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆறாவது வளைவிலேயே விளக்கு எரிந்துவிட்டது. "ஏசியை அணைச்சிட்டேன் தம்பி. கொஞ்ச தூரம்தானே, மேல போய்ப் பார்த்துக்கலாம்னு ஏறிட்டேன்" என்றார். பதினான்காவது வளைவுக்குப் பக்கத்தில் வண்டி இழுக்காமல் நின்றுவிட்டது. உடனே துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகியிருக்கிறார். கொதிநீர் பீறிட்டு முன்கை வெந்துவிட்டது. பக்கத்தில் பேத்தி நின்றிருந்தாளாம், கேட்கவே எனக்குப் பதறியது. அப்புறம் பிள்ளைகளுக்காகக் கொண்டுபோன கேன் தண்ணீரைச் சில்லென்று உள்ளே ஊற்றியிருக்கிறார்.

கயிறு கட்டி இழுத்து வந்த வண்டியில் முதலில் ஆயில் மூடியைத்தான் கழற்றினேன். அடியில் பால் காபி நிறத்தில் நுரை. மேற்கொண்டு பார்க்கவே வேண்டாம், ஹெட்டுக்கு அடியில் கசியாமல் அடைத்து நிற்கும் கேஸ்கெட் தகடு போய் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டது. ஹெட்டை இறக்கி ஸ்கேல் வைத்தால் வளைந்திருக்கிறது. லேத்தில் ஃபேஸிங் (வளைந்த முகத்தைச் சமன் செய்வது), கேஸ்கெட், போல்ட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 30,000 ரூபாயைத் தாண்டும். இத்தனைக்கும் காரணம், ரேடியேட்டரின் கீழ் ஹோஸில் இருக்கும் ஒரு கிளிப். அது தளர்ந்து மாதக்கணக்கில் சொட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"குறையறப்போ எல்லாம் ஊத்திட்டுத்தானே இருந்தேன்?" என்றார். என்ன ஊற்றினீர்கள் என்று கேட்டேன். போர் தண்ணீர்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. ரேடியேட்டரில் தண்ணீரோடு கலந்து ஊற்ற வேண்டிய திரவம் கூலன்ட். "கூலன்ட் எல்லாம் ஊட்டி, காஷ்மீர் மாதிரி குளிர் ஊருக்கு. நம்ம வெயிலுக்குத் தண்ணியே போதும்." இதை வாரத்துக்கு இரண்டு பேராவது என்னிடம் சொல்கிறார்கள். குளிரில் உறையாமல் காப்பது கூலன்ட்டின் ஒரு வேலை, அவ்வளவுதான். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கூலன்ட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்தால் அதைவிட ஆறேழு டிகிரி கூடினால்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி கொடுக்கும் அழுத்தமும் சேர்ந்தால் 120-ஐத் தாண்டும். ஆக, வெயில் ஊருக்குத்தான் இது இன்னும் அவசியம். இன்னொரு வேலை துருவைத் தடுப்பது. இன்றைய கார்களில் ஹெட்டும் ரேடியேட்டரும் அலுமினியம். உப்புத் தண்ணீர் அதை அரிக்கும். வீட்டில் வெந்நீர் போடும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதே உப்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. படிந்த இடத்தில் சூடு வெளியேறாது.

அந்தப் பெரியவரையும் குறை சொல்ல முடியாது. அவர் அம்பாசிடரில் ஓட்டக் கற்றவர். காலையில் மூடியைத் திறந்து ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிளம்புவது அந்தக் காலத்துப் பழக்கம். அந்த வண்டியின் ஹெட்டும் பிளாக்கும் வார்ப்பிரும்பு, ரேடியேட்டர் செம்பும் பித்தளையும். எல்லாம் கனம், கொஞ்சம் சூட்டைப் பொறுத்துக்கொள்ளும். இன்றைய அலுமினிய ஹெட் பொறுக்காது, வளைந்துவிடும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்றைய அமைப்பு முழுக்க மூடியது, அளவு அடிக்கடி குறையவே கூடாது. குறைகிறது என்றால் எங்கோ போகிறது. தினமும் ஊற்றி நிரப்பினால் நோய் தீராது, வெளியே தெரியாமல் மறைந்திருக்கும். ஹோஸ் முனை, வாட்டர் பம்பின் அடி, ரேடியேட்டரின் பக்கவாட்டு இவற்றில் வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த தடம் இருக்கிறதா பாருங்கள். வெளியே ஒரு சொட்டும் இல்லாமல் குறைந்தால் எஞ்சினுக்குள் போகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். அன்றைக்கே கொண்டுவாருங்கள்.

சூடு எப்போது ஏறுகிறது என்று கவனித்துச் சொன்னால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. சிக்னலில் நிற்கும்போது ஏறி, ஓடும்போது இறங்கினால் ஃபேன் பக்கம் கோளாறு. அங்கே ஏசியும் நிற்கும்போது குளிராமல் ஓடும்போது குளிரும். ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பார்த்தால் பிடித்துவிடலாம். நிற்கும்போது ஒன்றுமில்லை, மலையிலும் பைபாஸிலும்தான் ஏறுகிறது என்றால் ரேடியேட்டர் அடைப்பு, கூலன்ட் குறைவு, திறக்காத தெர்மோஸ்டாட் வால்வு, இவற்றில் ஒன்று.

அந்த வால்வைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் சூடேறும் வரை மூடியிருந்து, பிறகு திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடுவது அது. "கழட்டி வீசிடுங்க, சூடே ஏறாது" என்று சொல்கிறவர்கள் எங்கள் தொழிலிலேயே இருக்கிறார்கள். தயவுசெய்து கேட்காதீர்கள். வால்வு இல்லாவிட்டால் எஞ்சின் வேண்டிய சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும். அதுவரை பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கும். மைலேஜ் விழும், ஆயிலும் கெடும். பழுதானால் புதியது போடுங்கள்.

அதேபோல ஃபேன் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று அந்த இடத்தில் கம்பியைச் சுற்றி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். சிக்கிய மோட்டார் அதிகக் கரண்ட் இழுப்பதால்தான் ஃபியூஸ் போகிறது. கம்பி போட்டால் ஃபியூஸுக்குப் பதிலாக வயரிங் எரியும். ஃபியூஸ் பெட்டி மூடியில் என்ன ஆம்பியர் எழுதியிருக்கிறதோ அதையே போடுங்கள், ஒரு படி கூடப் பெரியது வேண்டாம்.

சரி, வழியில் சிவப்பு விளக்கு எரிந்தால்? ஏசியை அணையுங்கள். நிறுத்த இடமில்லாத வளைவு என்றால் ஹீட்டரை முழுச்சூட்டில் வைத்து ஃபேனையும் கூட்டுங்கள், எஞ்சின் சூட்டில் கொஞ்சம் காருக்குள் வந்துவிடும். வியர்க்கும், பரவாயில்லை. முதல் இடத்திலேயே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். முக்கால் மணி நேரமாவது மூடியைத் தொடாதீர்கள், பிள்ளைகளைப் பானெட்டிலிருந்து தள்ளி நிற்கச் சொல்லுங்கள். எஞ்சின் நின்ற பிறகும் சில வண்டிகளில் ஃபேன் தானாகச் சுற்றும், கையை விடாதீர்கள். ஆறிய பிறகு மூடியை மெல்லத் திருகி நல்ல தண்ணீர் ஊற்றலாம். அவசரத்துக்கு மட்டும், பட்டறை வரைக்கும். விளக்கு அணைந்துவிட்டது என்றும் நம்பிக் கிளம்பாதீர்கள். கூலன்ட் முழுக்கக் கொட்டிப்போனால் சென்சாரைச் சுற்றி வெறும் காற்றுதான் இருக்கும், அதனால் சூட்டைச் சரியாகக் காட்டாது. எஞ்சின் உள்ளே வெந்துகொண்டிருக்கும்போதே விளக்கு அமைதியாக இருக்கும்.

மலைக்குக் கிளம்பும் நாள் காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, கூலன்ட் ரிசர்வ் டப்பாவைப் பாருங்கள். அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். அரை நிமிட வேலை. பச்சை இருந்தால் சிவப்பைக் கலக்காதீர்கள், வண்டிப் புத்தகத்தில் சொன்ன வகையையே வாங்குங்கள்.

மிச்சக் கூலன்ட்டைக் காலித் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அது விஷம். ஆனால் நாக்கில் இனிக்கும், நிறமும் சர்பத் மாதிரி இருக்கும். நாயும் குடிக்கும், குழந்தையும் குடிக்கும். வாங்கிய கேனிலேயே வையுங்கள், கைக்கு எட்டாத உயரத்தில்.