ஆட்டிசக் குழந்தைகளுக்குக் கஞ்சா எண்ணெய்: ஜெருசலேம் சோதனையில் என்ன தெரிந்தது?

"கஞ்சா எண்ணெய் கொடுத்தால் ஆட்டிசம் சரியாகுமாமே?" என்று பெற்றோர் கேட்பதில் எந்தத் தப்பும் இல்லை. நடுராத்திரியில் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளும் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, விடியும் வரை விழித்திருப்பவர்கள் எதையும் கேட்கத்தான் செய்வார்கள். அவர்களுக்கு ஒழுங்கான பதில் கிடைக்க வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசத்தையே மாற்றும் மருந்து இன்று எதுவும் இல்லை, இந்த எண்ணெயும் அப்படிப்பட்டதில்லை. கட்டுக்கடங்காத கோபம், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது, பதற்றம், தூக்கமின்மை போன்ற கூடவே வரும் தொல்லைகளுக்குத்தான் இதை முயன்று பார்க்கிறார்கள். இவற்றில் கோபத்துக்கும் எரிச்சலுக்கும் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்துகள் ரிஸ்பெரிடோன், அரிப்பிப்ரசோல் இரண்டுதான். பல பிள்ளைகளுக்கு அவை உதவுகின்றன, ஆனால் உடம்பு மளமளவென்று பெருத்துவிடும். வேறு வழி உண்டா என்று தேடுவதற்கு அதுவே போதுமான காரணம்.

கஞ்சாச் செடியில் கன்னாபினாய்டுகள் என்ற வேதிப்பொருள்கள் நூற்றுக்கும் மேல் இருந்தாலும் இங்கே நமக்கு வேண்டியவை இரண்டுதான். போதை தருவது டிஎச்சி. போதை தராதது சிபிடி. 1964-ல் இஸ்ரேலில் வேதியியலாளர் ரஃபேல் மெக்கூலம், போலீஸ் பிடித்து வைத்திருந்த ஹஷீஷை (கஞ்சாப் பிசினை) வாங்கி வந்து, யெஹியேல் கவோனியோடு சேர்ந்து டிஎச்சியைப் பிரித்தெடுத்தார். அப்புறம் 1992-ல் அவருடைய குழு இன்னொன்றைக் கண்டுபிடித்தது: நம் மூளையே டிஎச்சியைப் போல வேலை செய்யும் ஒரு பொருளைத் தயாரிக்கிறது. அதன் பெயர் ஆனந்தமைடு.

இது எப்படி வேலை செய்கிறது? பந்தியில் பரிமாறுபவர் விடாமல் போட்டுக்கொண்டே இருந்தால், சாப்பிடுபவர் இலைக்கு மேலே கையை நீட்டி "போதும்" என்பார் இல்லையா, அதேதான். ஒரு நரம்பணு அடுத்ததற்குச் சமிக்ஞை அனுப்புகிறது. வாங்கும் நரம்பணு தேவைப்படும்போது ஆனந்தமைடு போன்ற பொருள்களைத் தயாரித்து, வந்த வழியிலேயே திருப்பி அனுப்பும். அவை அனுப்புகிற நரம்பணுவின் மேல், இப்படிப்பட்ட பொருள்களைப் பிடித்துக்கொள்ளும் சிபி1 என்ற ஏற்பியில் ஒட்டிக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். வேலை முடிந்ததும் ஒரு நொதி ஆனந்தமைடை உடைத்துவிடும். டிஎச்சி நேராகப் போய் இந்த ஏற்பியிலேயே ஒட்டிக்கொள்கிறது. சிபிடி அப்படிச் செய்வதில்லை; ஆனந்தமைடு உடைவதைத் தாமதப்படுத்துகிறது, செரட்டோனின் என்ற இன்னொரு மூளை ரசாயனத்தின் ஏற்பி ஒன்றையும் தொடுகிறது, இன்னும் சில இடங்களிலும் கை வைக்கிறது. ஆட்டிசத்தில் இவற்றில் எது முக்கியம் என்பது இன்னும் முடிவாகவில்லை.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் ரத்தத்தில் ஆனந்தமைடு சராசரியாகக் குறைவாக இருப்பதை 2018-ல் ஸ்டான்ஃபோர்டிலும், அடுத்த வருடம் இஸ்ரேலிலும் பார்த்தார்கள். நம்பிக்கை தரும் தடயம்தான். ஆனால் ரத்தத்தில் இருப்பதை வைத்து மூளைக்குள் நடப்பதைச் சொல்லிவிட முடியாது.

இனி சோதனைக்கு வருவோம். ஜெருசலேமின் ஷாரே ஸெடெக் மருத்துவமனையில் குழந்தை நரம்பியல் மருத்துவர் ஆதி ஆரன் முதலில் 60 குழந்தைகளுக்கு சிபிடி அதிகமுள்ள எண்ணெயைக் கொடுத்துக் கவனித்தார். 61 சதவீதம் பேருக்கு ஆவேசம் நன்றாகக் குறைந்ததாகப் பெற்றோர் சொன்னார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத பிரிவு அதில் இல்லை. அதோடு, டிஎச்சி கூடுதலாக எடுத்த ஒரு சிறுமிக்குத் தற்காலிகமாக மனநிலை பிறழ்ந்து, அதற்குத் தனியாக மருந்து கொடுக்க வேண்டியிருந்தது.

அதனால் அடுத்ததாக 5 முதல் 21 வயது வரையான 150 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு முழுச்செடிச் சாறு, இன்னொன்றுக்கு சுத்தமான சிபிடியும் டிஎச்சியும், மூன்றாவதற்கு ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே கலக்காத வெறும் எண்ணெய், அதாவது போலி மருந்து. மருந்துள்ள இரண்டிலும் சிபிடி 20 பங்கு, டிஎச்சி 1 பங்கு. 20 கிலோ குழந்தைக்கு மெதுவாக ஏற்றிக்கொண்டே போய், அதிகபட்சம் ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் சிபிடி, 10 மில்லிகிராம் டிஎச்சி. அதையும் மூன்று வேளையாகப் பிரித்து நாக்குக்கு அடியில் விட வேண்டும். 12 வாரம் கழித்துப் பார்த்தபோது, மருத்துவர்கள் போட்ட மதிப்பீட்டில் முழுச்செடிச் சாறு எடுத்தவர்களில் 49 சதவீதம் பேருக்கு நடத்தை நன்றாக மேம்பட்டிருந்தது. போலி மருந்தில் 21 சதவீதம். ஆனால் பெற்றோர் நிரப்பிய முக்கியமான கேள்வித்தாளில் பிரிவுகளுக்கு இடையே வித்தியாசமே தெரியவில்லை. 2021-ல் வெளியான இந்த முடிவில் பாதியை மட்டும் எடுத்து "நிரூபணமாகிவிட்டது" என்று பரப்புவது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

அந்த 21 சதவீதத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். மருந்தே இல்லாத எண்ணெய் எடுத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு முன்னேற்றம். பெற்றோரோ மருத்துவரோ பொய் சொல்லவில்லை. நம்பிக்கையோடு கவனிக்கும்போது நல்ல நாட்கள் கண்ணில் படும், வீட்டில் பதற்றம் குறையும், ரொம்ப மோசமான நேரத்தில் ஆரம்பிக்கும் எந்த வைத்தியத்துக்குப் பிறகும் தொல்லை தானாகவே கொஞ்சம் தணியும். "என் பையனுக்குக் குணம் தெரிந்தது" என்று ஒரு குடும்பம் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், குணம் தந்தது எண்ணெய்தானா என்பதை அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

பக்கவிளைவுகளைப் பொறுத்தவரை, சாறு எடுத்தவர்களில் 28 சதவீதம் பேருக்குத் தூக்கக் கலக்கம், 25 சதவீதம் பேருக்குப் பசி குறைந்தது. எடை கூடவில்லை, அது ஒரு நல்ல சேதி.

எனக்கு அதிகக் கவலை வேறொன்றில். ஆட்டிசம் உள்ள நிறையப் பிள்ளைகளுக்கு வலிப்பும் இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் குளோபசாமை உடைக்கும் கல்லீரல் நொதியை சிபிடி தடுக்கும், அதனால் அதன் செயல்படும் வடிவம் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும், குழந்தை அசந்து அசந்து தூங்கும். வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்தோடு சேர்ந்தால் கல்லீரல் பாதிக்கப்படலாம். சில அரிய வலிப்பு நோய்களுக்காக 2018-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற சிபிடி மருந்தான எபிடியோலெக்ஸைக் கொடுக்கும்போதும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டேதான் கொடுக்கிறார்கள்.

இணையத்தில் விற்கும் பாட்டில்களுக்கு அந்தக் கண்காணிப்பு எதுவும் இல்லை. 2017-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இப்படி 84 பொருள்களை வாங்கிச் சோதித்தபோது, லேபிளில் போட்ட அளவு சிபிடி இருந்தவை மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அவற்றில் 18 பொருள்களில் டிஎச்சி இருந்தது. அந்தச் சிறுமிக்கு என்ன ஆனது என்று மேலே பார்த்தோம். இதைப் பற்றி யோசிக்கிறவர்கள் குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது, பிள்ளை இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் அளவையும் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். வாங்கி வைத்த பாட்டில் இருந்தால் அதையும் மறைக்காமல் காட்டுங்கள்.