பழைய காருக்கு எவ்வளவு காற்று?

1960-ம் ஆண்டு மாடலாக அமெரிக்காவில் வந்த செவ்ரோலே கோர்வேர் காரின் கையேட்டில் ஒரு விசித்திரமான எண் ஜோடி இருந்தது. முன் டயருக்கு 15 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு), பின் டயருக்கு 26. இன்று எந்த பெட்ரோல் பங்க்கில் போய் "முன்னாடி பதினஞ்சு போதும்" என்று சொன்னாலும் காற்று பிடிப்பவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். அன்றைய அமெரிக்கர்கள் பலருக்கும் அது நம்பும்படியாக இல்லை. நான்கு டயரிலும் ஒரே அளவு அடித்துக்கொண்டு போனார்கள். வளைவில் காரின் பின்பக்கம் வெளியே வீசிப் போனது.

கோர்வேருக்கு இன்ஜின் பின்னால். மொத்த எடையில் 60 சதவீதத்துக்கும் மேல் பின் சக்கரங்களில்தான். வளைவில் திரும்பும்போது டயர் முறுக்கிக்கொள்ளும். அதனால் சக்கரம் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் போகும் திசைக்கும் ஒரு சிறு கோணம் விழும். பின்பக்கக் கோணம் முன்பக்கத்தைவிடப் பெரிதானால் கார் சுழலப் பார்க்கும். முன் டயரில் காற்றைக் குறைத்தால் அது தளர்ந்து, முன்பக்கக் கோணம் கூடும். இரண்டு பக்கமும் ஒரு சமநிலைக்கு வரும். அதாவது, அந்த 11 பிஎஸ்ஐ வித்தியாசமும் காரின் சஸ்பென்ஷனில் ஒரு பாகம் மாதிரிதான். இப்படிப்பட்ட ஒரு விஷயத்தைக் காற்று அடிப்பவர் கையில் விட்டது பொறியாளர்களின் தவறு என்றுதான் நான் சொல்வேன்.

ஆகவே பழைய கார் வைத்திருப்பவர் முதலில் தேட வேண்டியது கையேட்டையோ, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளையோ. டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. உங்கள் காரைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

காற்றுக்கும் எடைக்கும் உள்ள கணக்கு எளிது. ஒரு சக்கரத்தில் 300 கிலோ இறங்குகிறது, டயரில் 30 பிஎஸ்ஐ இருக்கிறது என்றால், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 2.1 கிலோ. ரப்பரின் விறைப்பை விட்டுவிட்டால், சாலையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய 140 சதுர சென்டிமீட்டர், ஓர் உள்ளங்கை அளவு. காற்றை 20 ஆக இறக்கினால் அது 210-ஐத் தாண்டும். பரப்பு கூடினால் பிடிமானமும் கூடும் என்று தோன்றும். ஆனால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரிந்து சூடேறும், ஓரங்கள் தேயும். மழையில் இன்னொரு சிக்கல். நாசாவில் வால்டர் ஹோர்ன் 1960-களில் கண்டறிந்த சூத்திரப்படி, தேங்கிய நீரில் டயர் மிதக்கத் தொடங்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 30 பிஎஸ்ஐ-க்கு சுமார் 91 கிலோமீட்டர், 24-க்கு 82. வழுவழுப்பாகத் தேய்ந்த டயருக்கு இது ரொம்பவே பொருந்தும்.

கையேட்டு எண்ணிலும் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்துக் கார்கள் பல, உள்ளே இழைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் சாய்ந்து ஓடும் கிராஸ்-ப்ளை டயரோடு வந்தவை; இப்போது மாட்டியிருப்பது, இழைகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராக ஓடும் ரேடியலாக இருக்கும். ரேடியலின் பக்கச்சுவர் மெல்லியது, சரியான காற்றிலும் கொஞ்சம் பிதுங்கியே நிற்கும். அதனால் கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது. பழைய எண்ணைவிட இரண்டு, மூன்று பிஎஸ்ஐ கூட்டி, முன்-பின் வித்தியாசத்தை அப்படியே வைத்து ஓட்டிப் பார்க்கலாம். டயரின் அளவையே மாற்றியிருந்தால் டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையைப் பார்ப்பதே சரி. அப்புறம் தேய்மானமே சொல்லிவிடும்: நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் தேய்ந்தால் குறைவு.

இந்த எண்கள் எல்லாம் குளிர்ந்த டயருக்கு, அதாவது கார் குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு அளப்பதற்கு. 30 பிஎஸ்ஐ உள்ள டயர் 10 டிகிரி சூடேறினால் ஒன்றரை பிஎஸ்ஐ கூடிவிடும். பங்க் தூரத்தில் இருந்தால் போய்ச் சேர்வதற்குள் டயர் சூடாகிவிடும். வீட்டிலேயே சொந்த கேஜில் அளந்து, எவ்வளவு குறைகிறது என்று குறித்துக்கொண்டு போங்கள். 28 வேண்டிய இடத்தில் 24 இருந்தால் குறை 4. பங்க்கில் அது 26 காட்டினால் 30 வரை அடிக்கச் சொல்ல வேண்டும்.