வீடு கட்டுமுன் நிலத்தைப் படித்தல்: பீக் மாவட்டத்தின் கற்சுவர்கள்

கிராமப்புறத்தில் புதிய வீடுகளுக்கு அனுமதி கேட்கப்படும்போது, அந்த நிலம் அழகானதா என்று ஆராய்வதால் பெரும் பயனில்லை. பிரிட்டனில் 1970-களில் நிலத்தோற்றத்துக்கு மதிப்பெண் போட்டே பார்த்தார்கள். எண்கள் கிடைத்தனவே தவிர, எந்த இடத்தில் எதைக் காக்க வேண்டும் என்பது அவற்றிலிருந்து விளங்கவில்லை. பின்னர் வளர்ந்த ‘நிலத்தோற்றப் பண்பு மதிப்பீடு’ வேறொன்றைக் கேட்கிறது: இந்த இடத்தை அடுத்த இடத்திலிருந்து வேறுபடுத்துவது எது? இன்று இங்கிலாந்து முழுவதும் 159 பண்புப் பகுதிகளாக வரையறுக்கப்பட்டுள்ளது.

அவற்றுள் இரண்டு, 1951-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பீக் மாவட்டத்தில் அடுத்தடுத்து உள்ளன. ‘இருண்ட பீக்’ பகுதியில் கரடுமுரடான மணற்கல்லின் மேல் கரிமண் சதுப்பும் புதர்வெளியும் பரந்து கிடக்க, ‘வெள்ளை பீக்’ பகுதியில் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம் பசும்புல் போர்த்தி நிற்கிறது. சாந்தில்லாமல் அடுக்கிய வயற்சுவர்கள்கூட ஒருபுறம் கருமையாகவும் மறுபுறம் வெளிறியும் இருப்பதால், அடியிலுள்ள பாறை எதுவென்பதைச் சுவரே காட்டிவிடுகிறது.

மதிப்பீட்டாளர் முதலில் பாறை, மண், நிலப்பயன்பாடு ஆகியவற்றின் வரைபடங்களையும் பழைய நிலப்படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உத்தேச எல்லைகளை வரைகிறார். பிறகு களத்துக்குச் சென்று, குறித்த இடங்களில் நின்று, படிவத்தை நிரப்பி, அந்த எல்லைகளைத் திருத்துகிறார். விவரிப்பு முடிந்த பிறகே, எதைக் காக்க வேண்டும் என்ற தீர்ப்பு வருகிறது. இந்த வரிசை மாறினால், ஏற்கெனவே எடுத்த முடிவுக்கு ஆதாரம் தேடும் வேலையாகிவிடும்.

வெள்ளை பீக்கின் செல்மார்டன் கிராமத்தைப் பாருங்கள். சுண்ணாம்புக்கல் தண்ணீரை உள்வாங்கிவிடும் என்பதால், ஊற்று இருக்கும் இடத்தைப் பற்றியே ஊர் அமைந்திருக்கிறது. ஒரே தெருவை ஒட்டி வீடுகள். அவற்றின் பின்னே, இடைக்காலத்தில் பங்கிடப்பட்ட உழவுப் பட்டைகளின் வடிவம் மாறாமல், சுவரெடுத்த நீண்ட ஒடுங்கிய வயல்கள். அத்தகைய பட்டைகளில் சிலவற்றை இணைத்து ஒரு குடியிருப்பு வளாகம் எழுப்பினால், நூற்றாண்டுகளாக நின்ற வடிவமே அழிந்துபோகும். அதே எண்ணிக்கையிலான வீடுகளைத் தெருவின் போக்கிலேயே அமைத்தால் பாதிப்பு மிகக் குறைவு. எங்கே என்ன கட்டலாம் என்று வகுக்கும் உள்ளூர்த் திட்டத்துக்குத் தேவைப்படுவது இவ்வகை அறிவுதான். வெறும் தடையோ வெறும் அனுமதியோ அல்ல.

முறையில் பலவீனமும் உண்டு. 2000-இல் ஃபுளோரன்ஸில் கையெழுத்தான ஐரோப்பிய நிலத்தோற்ற உடன்படிக்கை, நிலத்தோற்றம் என்பது மக்கள் உணரும் விதத்தையும் சேர்த்ததே என்கிறது. ஆனால் பாறையையும் சுவரையும் போல அந்த உணர்வை வரைபடத்தில் குறிக்க முடியாது. அங்கு வாழ்பவர்களைத் தொடக்கத்திலேயே கேட்காமல், எல்லைகள் வரைந்து முடிந்தபின் கருத்துக் கேட்டால், அவர்களால் சொற்களைத்தான் திருத்த முடியும், கோடுகளை அல்ல.