நீலம் காட்டிய இடத்தில் புகை வந்தது ஏன்?

குடியாத்தம் பக்கத்து விவசாயி ஒருவர் சென்ற கோடையில் ஒரு வண்ணப்படத்துடன், நிலத்தடி நீர் பார்க்கும் தொழிலில் இருக்கும் என்னைப் பார்க்க வந்தார். அவருடைய நிலத்தில் இரும்புத் தட்டைச் சம்மட்டியால் அடித்து, வரிசையாக நட்ட ஜியோபோன்களில் (நில அதிர்வை உணரும் கருவிகளில்) அதிர்வலையைப் பதிவுசெய்து, கணினியில் கணக்கிட்டு எடுத்த படம் அது. 120 அடி ஆழத்தில் ஊற்று இருப்பதாக நீலம் தீட்டியிருந்தார்கள். போர்வெல் போட்டபோது அந்த ஆழத்தில் களிமண் கலந்த தூள் வந்தது. அதற்குக் கீழே 700 அடி வரை ஈரமில்லாத பாறைத்தூள் பறக்கும் வெறும் புகைதான். அலை அங்கே வலுவிழந்தது உண்மை. அதைத் தண்ணீர் என்று படித்ததே பிழை.

வேலூர் மாவட்டத்தின் அடியில் பெரும்பாலும் சார்னோகைட், நைஸ் என்னும் கெட்டியான பாறைகள்தான் உள்ளன. மரமில்லா மலை என்று எங்கள் ஊரைக் கேலி செய்வார்கள்; பாறையின் வெடிப்புகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று வெளியிலிருந்தே பார்க்க முடிவதால் எங்கள் தொழிலுக்கு அது வசதி. இவ்வகைப் பாறையின் உடலில் நுண்துளைகள் மிகக் குறைவு என்பதால், மேலே மக்கிய மண்படலத்தைத் தாண்டிவிட்டால் தண்ணீர் இருப்பதும் நகர்வதும் வெடிப்புகளில் மட்டுமே.

அதிர்வலை கடக்கும்போது கெட்டியான பாறை சிறிதளவே அமுங்க, மெலிந்த வெடிப்பு அதைவிட அதிகமாக அமுங்குவதால், உள்ளிருக்கும் நீர் பக்கத்து நுண்துளைகளுக்கும் இணைந்த வேறு வெடிப்புகளுக்கும் பிதுங்கிச் சென்று, அலை தாண்டியதும் திரும்புகிறது. இந்த ஓட்டத்தில் நீரின் பாகுத்தன்மை அலையின் ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக்கிவிடுகிறது. அமுக்கம் பரவ எடுக்கும் நேரமும் அலையின் ஓர் அதிர்வுக்கான நேரமும் ஏறத்தாழ ஒத்துவரும்போது, அலை இப்படி வலுவிழக்கும் தணிவு உச்சத்தைத் தொடும். ஆய்வகத்தில் பல லட்சம் ஹெர்ட்ஸில் அளந்த தணிவை, சில பத்து ஹெர்ட்ஸில் வேலை செய்யும் களத்துக்கு அப்படியே பொருத்தக் கூடாது என்பதற்கு இதுவே காரணம். ஆனால் களிமண் அடைத்த வெடிப்பும் அலையைத் தணிக்கும். வறண்ட வெடிப்பு அதைச் சிதறடித்து வலுவிழக்கச் செய்யும். மூன்றும் படத்தில் ஒரே நிறமாக விழலாம்.

நீர் நிறைந்த நுண்துளைப் பொருளில் அலை பரவுவதைப் பற்றி இயற்பியலாளர் மாரிஸ் பியோ 1956-இல் வெளியிட்ட சமன்பாடுகளைக் கொண்டு இந்த ஓட்டத்தையும் தணிவையும் கணினியில் சேர்த்தே கணக்கிடுகிறோம். கணக்கு சரியாகவே வரும். இடர் நாம் ஊட்டும் எண்களில் இருக்கிறது. சீரான வெடிப்பில் நீரோட்டம் அதன் அகலத்தின் முப்படிக்கு ஏற்ப மாறும். அகலம் இரட்டித்தால் ஓட்டம் எட்டு மடங்கு. 1 மில்லிமீட்டர் வெடிப்பு ஒன்று தரும் நீரை 0.1 மில்லிமீட்டர் வெடிப்புகள் தர வேண்டுமானால் ஆயிரம் வெடிப்புகள் தேவை. பல அடி ஆழத்திலுள்ள அந்த அகலத்தை யாரும் நேரில் அளப்பதில்லை, அனுமானிக்கிறார்கள். ஆகவே ‘மணிக்கு இத்தனை ஆயிரம் லிட்டர் வரும்’ என்று ஒரே எண்ணாக எழுதிய அறிக்கையைக் கொடுத்தால், எந்த அகலத்தை வைத்தீர்கள், அதைப் பாதியாக்கினால் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். களிமண்ணா தண்ணீரா என்று பிரித்தறிய என்ன செய்தார்கள் என்பதையும் கேளுங்கள். நிலத்தில் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் மின்தடை அளவீடு மட்டும் இதற்குப் போதாது. களிமண்ணும் மின்சாரத்தைக் கடத்தும்.

இன்னும் ஆழம் போனால் தண்ணீர் கிடைக்கும் என்ற நம்பிக்கையையும் சற்று நிறுத்தி யோசிக்க வேண்டும். மேலிருக்கும் பாறையின் பளுவால், பொதுவாக ஆழம் கூடக் கூட வெடிப்புகள் குறுகும். விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அடிக்கு அடி கூலி கொடுப்பவர் விதிவிலக்கை நம்பி இறங்கக் கூடாது.

குடியாத்தத்துக்காரர் வந்தபோது, அதே போரை 1000 அடிக்கு இறக்க ரிக் வண்டிக்கு முன்பணமும் கொடுத்திருந்தார். அவருடைய நிலத்தின் மறுகோடியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பழைய போரில், மோட்டார் ஓடும்போது நீர்மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது, நிறுத்தினால் எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று இரண்டு நாள் அளந்து கணினி மாதிரியுடன் பொருத்திப் பார்த்தோம். ஒத்துவந்த வெடிப்பு அகலம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அது தரும் நீர் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு ஆகும், நெல்லுக்கு ஆகாது என்றேன். முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.